எந்த இருக்கையிலிருந்து பார்க்கிறோம்

'கெட் அவுட்' படத்தின் கடைசிக் காட்சி. இரவு, காட்டுச்சாலை. தன்னை அடைத்துவைத்த குடும்பத்திடமிருந்து தப்பி வந்த கறுப்பின இளைஞன் கிறிஸ், சுடப்பட்டுக் கிடக்கும் வெள்ளைக்காரக் காதலியின் மேல் குனிந்திருக்கிறான். சதியில் அவளுக்கும் பங்கு உண்டு என்பது நமக்குத் தெரியும். சாலையில் வருகிறவனுக்குத் தெரியாது. சிவப்பும் நீலமுமாக ஒரு விளக்கு வந்து அவன் முகத்தில் விழுகிறது. அவன் மெல்லக் கைகளைத் தூக்குகிறான். 2017இல் அமெரிக்க அரங்குகளில் சரியாக இந்த இடத்தில் ஒரு முனகல் எழுந்தது. அதுவரை வண்டியிலிருந்து யாரும் இறங்கக்கூட இல்லை. பிறகு கார்க்கதவு திறக்கிறது. கதவில் 'ஏர்போர்ட்' என்று எழுதியிருக்கிறது. வந்திருப்பது போலீஸ் அல்ல, விமான நிலையப் பாதுகாப்பில் வேலை பார்க்கும் நண்பன் ராட். முனகிய அதே அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது.

இயக்குநர் ஜோர்டன் பீல் முதலில் எடுத்த முடிவு வேறு. அதில் வருவது உண்மையான போலீஸ்தான். கிறிஸ் சிறைக்குப் போகிறான், ராட் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து பேசுகிறான். சோதனைத் திரையிடலில் அந்த முடிவைப் போட்டபோது, அதுவரை படத்தோடு ஓடிவந்த கூட்டம் வயிற்றில் குத்து வாங்கியதுபோல் அடங்கிப்போனது. முடிவை மாற்றினார்கள். ஆனால் விளக்கை மாற்றவில்லை. கைதட்டலுக்குக் காரணம் நண்பன் வந்தது மட்டுமல்ல. அதற்கு முந்தைய சில விநாடிகளில், சிறைக்குப் போகும் அந்தப் பழைய முடிவைப் பார்வையாளர்கள் தங்கள் தலைக்குள் தாங்களே ஓட்டிப் பார்த்திருந்தார்கள்.

கறுப்பின மக்கள் மீதான வன்முறையைத் திரையில் காட்டலாமா கூடாதா என்று சுமார் நூறு வருடமாகச் சண்டை நடக்கிறது. என் கணிப்பில் அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. அடி விழும்போது பார்வையாளனை எங்கே உட்கார வைக்கிறார்கள், பக்கத்து இருக்கையில் இருப்பவர் யார், இவை இரண்டும்தான் அரங்கத்தின் எதிர்வினையைத் தீர்மானிக்கின்றன.

இதை முதலில் கண்டுகொண்டவர், வருத்தத்துக்குரிய விதத்தில், அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித். 1915 பிப்ரவரி 8 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் வெளியான 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தின் உச்சக்கட்டத்தில் இரண்டு ஓட்டங்கள் மாறி மாறி வருகின்றன. ஒரு பக்கம் அறைக்குள் சிக்கிய வெள்ளையர்கள். இன்னொரு பக்கம் வெள்ளை அங்கியில் குதிரையேறி வரும் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளான். கட் போகப்போகக் குறுகுகிறது, அரங்கத்தில் ஆர்கெஸ்ட்ரா வாக்னரின் இசையை வாசிக்கிறது. இந்தக் கட்டமைப்பில் பார்வையாளனுக்கு ஓர் இருக்கைதான் உண்டு: அறைக்குள். வெளியே இருக்கும் கறுப்பர்கள், அவர்களில் முக்கியமான பாத்திரங்களில் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள், வெறும் கூட்டம். கஸ் என்ற கறுப்பினப் பாத்திரத்தைக் கொன்று உடலை வாசலில் வீசும் காட்சியில் கைதட்டல் வந்ததென்றால் அதற்கான வேலை எடிட்டிங் மேசையிலேயே முடிந்துவிட்டது. அதே வருடம் நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் வில்லியம் சிம்மன்ஸ் கிளானை மறுபடி தொடங்கினார். டிசம்பர் 6 அன்று அட்லாண்டாவில் படம் வெளியானபோது அங்கி அணிந்த அவருடைய ஆட்கள் அரங்குக்கு வெளியே ஊர்வலம் போனார்கள்.

பாஸ்டனில் ட்ரெமாண்ட் அரங்கின் வாசலில் ஏப்ரல் 17 அன்று கறுப்பினப் பத்திரிகையாளர் வில்லியம் மன்ரோ ட்ராட்டர் கைது செய்யப்பட்டார். கறுப்பின உரிமைகளுக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பு ஊர் ஊராகச் சென்சார் குழுக்களிடம் போய்ப் படத்தைத் தடுக்கக் கேட்டது. திரைப்படத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே பிப்ரவரியில்தான் தீர்ப்பளித்திருந்தது, எனவே கேட்பதற்கு வழி இருந்தது. அந்த வழி ஐந்து வருடத்தில் எதிர்ப்பக்கம் திரும்பியது. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 'விதின் அவர் கேட்ஸ்' படத்தோடு சிகாகோ சென்சாரிடம் போனபோது முதலில் மறுப்புத்தான் கிடைத்தது. 1919 கோடையில் அந்த நகரத்தில் நடந்த இனக்கலவரத்தில் 38 பேர் இறந்திருந்தார்கள், 23 பேர் கறுப்பர்கள். படத்தில் வெள்ளைக் கும்பல் ஒரு குடும்பத்தைத் தூக்கிலிடுவதைப் பார்த்தால் மறுபடி கலவரம் வரும் என்ற பயம். அந்தப் பயம் வெள்ளையர்களுக்கு மட்டும் இருந்ததல்ல. கடைசியில் 1920 ஜனவரியில் வெண்டோம் அரங்கில் படம் வெளிவந்தது.

மிஷோ செய்தது கிரிஃபித்தின் கருவியையே எடுத்துத் திருப்பிப் போட்டது. அவரும் இரண்டு காட்சிகளை மாற்றி மாற்றிக் கட் செய்கிறார்: ஒன்றில் கும்பல் நாயகி சில்வியாவின் வளர்ப்புப் பெற்றோரைத் தூக்கிலிடுகிறது, இன்னொன்றில் ஒரு வெள்ளைக்காரன் சில்வியாவைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான், அவள் மார்பிலுள்ள தழும்பைப் பார்த்து அவள் தன் மகள் என்று தெரிந்து நிற்கிறான். காப்பாற்றக் குதிரை எதுவும் வரவில்லை. கும்பலில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். கும்பல் கொலையைத் தன் பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்த காரியமாகப் பார்க்கும் இருக்கை அது. அந்தப் படம் பல பத்தாண்டுகள் காணாமல் போய், கடைசியில் ஒரே ஒரு பிரதி ஸ்பெயினின் திரைப்படக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற பெயரில் கிடைத்தது என்பது தனிக் கதை.

பக்கத்து இருக்கை விஷயத்துக்குக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினைவிட நல்ல சாட்சி இல்லை. 1958இல் வந்த 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட இரண்டு கைதிகள் தப்பி ஓடுகிறார்கள்: கறுப்பரான சிட்னி பாய்ட்டியே, வெள்ளையரான டோனி கர்டிஸ். முடிவில் பாய்ட்டியே ஓடும் ரயிலில் ஏறிவிடுகிறார், கர்டிஸால் முடியவில்லை, நண்பனுக்காக அவர் கீழே குதிக்கிறார். நகர மையத்து அரங்கில் தாராளவாத வெள்ளைப் பார்வையாளர்கள் நெகிழ்ந்து கைதட்டினார்கள். நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமிலோ, முட்டாளே, திரும்ப ரயிலில் ஏறு என்று திரையைப் பார்த்துக் கத்தினார்கள். ஒரே பிரிண்ட், ஒரே நகரம், இடையில் சில ரயில் நிலையங்கள்தான்.

1967இல் 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்தில் வெள்ளைக்காரப் பருத்தித் தோட்ட முதலாளி எண்டிகாட், துப்பறிவாளர் டிப்ஸை அறைகிறான். டிப்ஸாக நடித்த பாய்ட்டியே அடுத்த நொடியே திருப்பி அறைகிறார். அந்த இரண்டு அறைகளுக்கும் இடையில் மூச்சுவிட நேரமில்லை. சிந்திக்க இடம் விட்டிருந்தால் அது மன்னிப்பாகவோ வீரவசனமாகவோ மாறியிருக்கும். அரங்கில் ஒரு பக்கம் ஆரவாரம், இன்னொரு பக்கம் திடுக்கிட்ட அமைதி. ஒலியை மட்டும் கேட்டே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்று நடிகர்களே பின்னாளில் பேசியிருக்கிறார்கள். விசில் பழக்கமுள்ள நமக்கு இது எளிதில் புரியும்.

1989க்கு வருவோம். ஸ்பைக் லீயின் 'டூ தி ரைட் திங்' வெளிவரும் முன்பே, இதைப் பார்த்துக் கறுப்பின இளைஞர்கள் தெருவில் இறங்குவார்கள் என்று நியூயார்க் பத்திரிகையில் எழுதினார்கள். ஒரு கலவரமும் நடக்கவில்லை. அரங்கத்தை விமர்சகர்கள் எவ்வளவு தப்பாகக் கணிக்கிறார்கள் என்பதற்கு இதைப் போல் உதாரணம் கிடைக்காது. படத்தில் போலீஸ்காரர் லத்தியைக் கழுத்தில் போட்டு ரேடியோ ரஹீம் என்ற கறுப்பின இளைஞனைத் தூக்கி இறுக்குகிறார். கேமரா கீழே போய் அவனுடைய ஷூக்களைக் காட்டுகிறது, தரையைத் தொடாமல் உதறும் கால்கள், பிறகு உதறல் நிற்கிறது. சில நிமிடங்கள் கழித்து பீட்சா கடை எரிகிறது. கடை எரிந்ததற்கு வருந்தி எழுதிய பல விமர்சனங்கள் ரஹீமின் சாவைச் சொல்லவே இல்லை என்று லீ திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். அந்தக் கடையின் கண்ணாடியை உடைத்த கறுப்பின ஊழியன் மூக்கி செய்தது சரியா என்று தன்னிடம் கேட்பவர்கள் வெள்ளையர்கள் மட்டுமே என்றும் சொன்னார். 2014இல் எரிக் கார்னர் ஸ்டேட்டன் ஐலண்டில் போலீஸ் பிடியில் மூச்சுத்திணறி இறந்தபோது, அந்தக் கைபேசி வீடியோவையும் ரஹீமின் காட்சியையும் லீ ஒட்டி வெளியிட்டார். இருபத்தைந்து வருட இடைவெளியில் எடுத்த ஷாட்டுகள் பொருந்தி நின்றன.

கால்கள் என்றதும் ஸ்டீவ் மெக்வீனின் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்'. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு வன்முறைக் காட்சி அரங்கத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல காட்சி இல்லை. அடிமையாக விற்கப்பட்ட சாலமன் நார்த்தப்பைக் கும்பல் தூக்கில் ஏற்றுகிறது. மேற்பார்வையாளன் வந்து அவர்களை விரட்டுகிறான், ஆனால் கயிற்றை அவிழ்க்கவில்லை. சாலமனின் கால்விரல் நுனி மட்டும் சேற்றைத் தொடுகிறது. விட்டால் கழுத்து இறுகும்.

இங்கே கேமரா பின்னால் போகிறது. வழக்கமாகப் படங்கள் முகத்துக்கு க்ளோஸ்அப் போகும் இடம் இது. க்ளோஸ்அப்பில் நாம் அவனாகவே ஆகி, அழுது, ஆறிவிடலாம். வைட் ஷாட்டில் அது நடக்காது. ஷாட் ஒரு நிமிடத்துக்கும் மேல் நகராமல் நிற்கிறது. இசை இல்லை. சேற்றில் விரல் வழுக்கும் சத்தம், தொண்டையின் சத்தம், பூச்சிகளின் இரைச்சல். முதல் சில விநாடிகளில் பார்வையாளன் பதறுகிறான். பிறகு யாராவது வருவார்கள் என்று சட்டகத்தின் ஓரங்களைத் தேடத் தொடங்குகிறான். அப்போதுதான் பின்னணி உயிர்பெறுகிறது: குடிசைகளிலிருந்து மற்ற அடிமைகள் வெளியே வந்து தங்கள் வேலையைத் தொடர்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஒரு பெண் ஓடி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு ஓடுகிறாள். எஜமானி மாடத்திலிருந்து பார்க்கிறாள். பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாதவர்கள், செய்ய விரும்பாதவர்கள் என்று இரண்டு வகைப் பார்வையாளர்கள் சட்டகத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். அரங்கில் உட்கார்ந்திருப்பவன் தன் இருக்கை எது என்று கணக்குப் பார்க்காமல் தப்ப முடியாது. அரங்கம் மிகவும் நெளிவது விரல்கள் வழுக்கும்போது அல்ல, குழந்தைகள் விளையாடுவது தெரியும்போதுதான் என்று நினைக்கிறேன்.

இதே படத்தில் பாட்சி என்ற அடிமைப் பெண் சவுக்கடி படும் காட்சி நேர்மாறான முறையில் எடுக்கப்பட்டது: கட் இல்லாமல் சுற்றிச் சுற்றி நகரும் கேமரா, வெகுநேரம் முகங்கள் மட்டும், முதுகு மிகத் தாமதமாக, அதுவும் கொஞ்சம்தான். முதல் காட்சி அசையாமல் நின்று நம்மைக் கட்டிப்போடுகிறது என்றால், இது கண்ணை விலக்க ஒரு 'கட்'கூடத் தராமல் பிடித்துவைக்கிறது. இரண்டிலும் ரத்தத்தின் அளவு குறைவு.

ஆனாலும் 2014 ஆஸ்கருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது: படத்தைப் பார்க்கப் பயந்து பார்க்காமலேயே அதற்கு வாக்களித்ததாக அகாடமி உறுப்பினர்கள் இருவர் ஒப்புக்கொண்டார்கள். சிறந்த படம் விருது கிடைத்தது. பார்க்காமல் மரியாதை செய்வதும் ஓர் எதிர்வினைதான். இத்தாலியில் இன்னும் வேடிக்கை. அங்கே அடித்த சில போஸ்டர்களில் பிராட் பிட்டும் மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் பெரிதாக, சாலமனாக நடித்த சிவெடெல் எஜியோஃபோர் மூலையில் சின்னதாக. கண்டனம் வந்ததும் திரும்பப் பெற்றார்கள்.

இதற்கு எதிரே கேத்ரின் பிகலோவின் 'டெட்ராய்ட்' படத்தை வைத்துப் பாருங்கள். 1967 ஜூலை கலவரத்தின்போது அல்ஜியர்ஸ் மோட்டலில் மூன்று கறுப்பின இளைஞர்கள் கொல்லப்பட்ட சம்பவம். ஐம்பதாவது ஆண்டில் வெளியிட்டார்கள். சுமார் 3.4 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் சேர்த்தும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. நேர்மையான நோக்கம், தேர்ந்த கைகள், பிறகு எது பிசகியது? மோட்டலுக்குள் நடக்கும் சித்திரவதை நாற்பது நிமிடத்தைத் தொடும். கையில் பிடித்த கேமரா சுவரோரம் நிற்கவைக்கப்பட்டவர்களின் கழுத்துப்பக்கம் அலைகிறது. அடுத்து யார் என்ற கேள்வியில் காட்சி ஓடுகிறது. இது பேய்ப்படத்தின் தாளம். அந்தத் தாளத்தில் பார்வையாளன் விடுதலைக்காகக் காத்திருப்பான், மனிதர்களை மறந்துவிடுவான். சுவரோரம் நிற்பவர்களில் பலரை அதற்கு முன் நமக்குச் சரியாக அறிமுகம்கூடச் செய்யவில்லை. அடிக்கும் போலீஸ்காரனின் முகம்தான் வீட்டுக்கு வந்த பிறகும் நினைவில் நிற்கிறது. பல கறுப்பின விமர்சகர்கள் கோபப்பட்டது இதற்குத்தான். நான்கு நிமிடத்தில் வேலை செய்வது நாற்பது நிமிடத்தில் பத்து மடங்காகாது. ஒரு கட்டத்துக்குமேல் உடல் மரத்துவிடும், பிறகு எரிச்சல் வரும், அந்த எரிச்சல் படத்தின் மேலேயே திரும்பும்.

'ட்ராமா போர்ன்', அதாவது பிறர் வேதனையை ஆபாசப்படம்போல் காட்சிப்பொருளாக்குவது, என்ற வசைச்சொல் பரவலானது இந்த எரிச்சலில்தான். 2021 ஏப்ரல் மாதத்தைத் தேதிவாரியாக எடுத்துக்கொண்டால் அது ஏன் வெடித்தது என்று புரியும். ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்ற வழக்கில் டெரெக் ஷோவினின் விசாரணை மார்ச் இறுதியிலிருந்து தொலைக்காட்சியில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் முழங்கால் இருந்த 9 நிமிடம் 29 விநாடி திரும்பத் திரும்ப வந்தது. ஏப்ரல் 9 அன்று நெட்ஃபிளிக்ஸில் 'டூ டிஸ்டன்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' குறும்படம்: ஒரு கறுப்பின இளைஞன் ஒரே நாளில் சிக்கி, ஒவ்வொரு சுற்றிலும் அதே போலீஸ்காரன் கையில் சாகிறான். அதே நாளில் அமேசானில் 'தெம்' தொடர். அதன் ஐந்தாம் பகுதியைத் தாண்டிவிடுங்கள் என்று பார்த்தவர்கள் மற்றவர்களை எச்சரித்தார்கள். ஏப்ரல் 11 அன்று மினியாபோலிஸ் அருகே டான்டே ரைட் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 20 தீர்ப்பு. ஏப்ரல் 25 அன்று அந்தக் குறும்படத்துக்கு ஆஸ்கர். யாருக்காக இதையெல்லாம் எடுக்கிறீர்கள், எங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே என்று கறுப்பினப் பார்வையாளர்கள் கேட்டதில் வியப்பில்லை. தெரியாதவருக்கு அந்தக் காட்சி தகவல். தெரிந்தவருக்கு அதே காட்சி மறுபடி ஓர் அடி.

இந்தக் கேள்வியைச் சினிமாவுக்கு வெளியே முன்பே கேட்டவர் ஆய்வாளர் சாய்டியா ஹார்ட்மன். அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில் அத்தை ஹெஸ்டர் சவுக்கடி படும் பகுதி உண்டு. ஹார்ட்மன் 1997இல் வந்த தன் நூலை, அந்தப் பகுதியை எடுத்தெழுத மாட்டேன் என்று சொல்லித் தொடங்கினார். அது எவ்வளவு எளிதாகத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்படுகிறது என்பதே அவருக்குச் சிக்கலாகப் பட்டது. மறுப்பதாகச் சொல்வதே நினைவூட்டுவதுதான் என்று இன்னொரு ஆய்வாளர் ஃபிரெட் மோட்டன் பிறகு பதில் எழுதினார். இருவருக்கும் நியாயம் இருக்கிறது.

2022இல் வந்த 'டில்' படத்தின் இயக்குநர் சினோனியே சுக்வு, கறுப்பின உடல்மேல் விழும் அடியைத் திரையில் காட்டப்போவதில்லை என்று முன்பே அறிவித்தார். 1955 ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியில் பதினான்கு வயது எம்மெட் டில் கடத்திக் கொல்லப்பட்டதைப் படம் தூரத்திலிருந்து ஒரு கொட்டகையாகவும் அதற்குள்ளிருந்து வரும் ஓசையாகவும் மட்டுமே வைக்கிறது. ஆனால் சிகாகோவுக்கு வந்த உடலைக் காட்டுகிறது. இது முரண்பாடு இல்லை. சவப்பெட்டியைத் திறந்து வைத்து, ஜெட் இதழ் படம் வெளியிட அனுமதித்த தாய் மேமி டில் செய்ததும் இதுதான்: செயலை அல்ல, செயலின் விளைவை, தான் தேர்ந்த இடத்தில், தான் பக்கத்தில் நின்று காட்டினார். படத்தில் கேமரா முதலில் தாயின் முகத்தில் நிற்கிறது, பிறகு அவர் பார்ப்பதற்குப் போகிறது, இறுதி மரியாதையின்போது வரிசையில் வருபவர்களின் முகங்களுக்குத் திரும்புகிறது. நீதிமன்றச் சாட்சியத்தில் வழக்கறிஞர்களின் குரல் மட்டும் கேட்க, தாயாக நடித்த டேனியல் டெட்வைலரின் முகத்தை விட்டு நகராமல் சில நிமிடங்கள். அவ்வளவு கவனமாக எடுத்தும், ட்ரெய்லர் வந்தபோதே 'இன்னொன்றா?' என்று சலித்தவர்கள் பலர். வசூல் ஒரு கோடி டாலரைத் தாண்டி அதிகம் போகவில்லை. முன்பு வந்த படங்களின் பாவம் இந்தப் படத்தின் தலையில் விடிந்தது.

நம் ஊர்த் திரைப்படச் சங்கங்களிலும் கல்லூரிகளிலும் இந்தப் படங்கள் திரையிடப்படுகின்றன. அங்கே பிசகுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். படத்தை அதே அரங்கில், அதே ஸ்பீக்கரில், முழுதாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மடிக்கணினியில் பார்த்தபோது தாங்கிய சவுக்குச் சத்தம் கல்லூரி அரங்கின் பெரிய ஸ்பீக்கரில் நெஞ்சில் அடிக்கும். இந்தக் காட்சிகளில் படத்தைவிட ஒலிதான் ஆளைத் தாக்குகிறது. கடுமையான காட்சிகள் தொடங்கும், முடியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் யாருக்கு என்ன நடக்கும் என்று கதையை உடைக்க வேண்டாம்: சவுக்கடி, தூக்கு, பாலியல் வன்முறை என்று செயலை மட்டும் சொன்னால் போதும். நேரம் தெரிய விரும்புபவர்கள் கதவருகே நிற்பவரிடம் கேட்கலாம் என்றும் சொல்லிவிடுங்கள். கதவு திறந்தால் வெளிச்சம் திரையில் விழாதபடி ஒரு கறுப்புத் திரைச்சீலை. எழுந்து போவது அவமானமாகத் தோன்றும் அரங்கில் யாரும் எழுந்து போக மாட்டார்கள், சிரிக்கத்தான் தொடங்குவார்கள். மாணவர்களின் சிரிப்பில் பாதி கேலி இல்லை, வெளியேற வழியில்லாத பதற்றம். அதற்காகப் படத்தை நிறுத்தித் திட்டுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

தமிழ் சப்டைட்டில் போடுவதானால், கறுப்பர்களைத் திட்டும் அந்த ஓர் ஆங்கில இழிசொல்லில் எல்லோரும் சறுக்குகிறார்கள். 'ஜாங்கோ அன்செயின்ட்' படத்தில் மட்டும் அது நூறு தடவைக்கு மேல் வருகிறது. 'கருப்பா' என்று போட்டால் நமக்கு அது பக்கத்து வீட்டுப் பெயர், எல்லைச்சாமியின் பெயர். விஷம் முழுதும் இறங்கிவிடும். ஒலியை அப்படியே எழுதினால் அரைக்கால் சட்டையாகிவிடும், அரங்கம் சிரிக்கும். நம்மூர்ச் சாதி வசை ஒன்றைத் தேடிப் போட்டால் கதை மிசிசிப்பியை விட்டு வேறெங்கோ போய்விடும். சொல்லின் வரலாற்றைத் தொடக்கத்தில் அரை நிமிடம் சொல்லிவிட்டு, சப்டைட்டிலில் அந்த இடத்தை விட்டுவிட்டு வாக்கியத்தின் மீதியை மட்டும் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. காது அதைக் கேட்டுக்கொள்ளும்.

முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள். பெயர்ப்பட்டியல் ஓடட்டும், 'டூ டிஸ்டன்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' போன்ற படத்தில் கடைசியில் வரும் பெயர்கள் கொல்லப்பட்டவர்களுடையவை, அதை நிறுத்திவிட்டு நன்றியுரை சொல்வது அசிங்கம். நம் கல்லூரிகளில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். விளக்கு வந்ததும் மொத்த அரங்கமும் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும், மைக்கும் அவர்களிடமே போகும். லாகோஸிலிருந்து வந்தவருக்கு லூசியானாத் தோட்டத்தின் சார்பாகப் பேசும் கடமை எதுவும் இல்லை. முதல் கேள்வியை உணர்ச்சியிலிருந்து தள்ளி, ஒரு ஷாட்டிலிருந்து தொடங்குங்கள்: சாலமன் தொங்கும்போது பின்னால் குழந்தைகள் விளையாடியதைப் பார்த்தவர்கள் யார்? சிலர் பார்த்தே இருக்க மாட்டார்கள், மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்பார்கள். ஓட்ட வேண்டாம். ஒலியை அணைத்து, ஒரே ஒரு சட்டகத்தை நிறுத்திக் காட்டினால் போதும்.